கிளிப் எந்தத் தடத்தில் விழ வேண்டும்: டாவின்சி ரிசால்வில் திருவிழாப் படத்தொகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திருவிழாக்களைப் படமெடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் தொகுத்துத் தரும் என்னிடம், தொழில் கற்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, மேல் தடத்தில் (அடுக்கில்) வைக்க நினைத்த கிளிப் (படத்துண்டு) ஏன் கீழ்த் தடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதைத்தான். பிளேஹெட் என்ற செங்குத்துக் கோடு நிற்கும் இடம் கிளிப் தொடங்கும் நேரத்தை மட்டுமே சொல்கிறது. அது விழப்போகும் தடத்தைச் சொல்வது, கிளிப்புகளை நேர வரிசையில் அடுக்கும் டைம்லைனின் இடது ஓரத்தில் ஒவ்வொரு தடத்தின் தலைப்பிலும் இருக்கும் வி1, வி2 (படத் தடங்கள்), ஏ1, ஏ2 (ஒலித் தடங்கள்) என்ற எழுத்துகளைச் சுற்றித் தெரியும் செம்மஞ்சள் கட்டமாகும்.

தீமிதிப் படத்தை எடுத்துக்கொள்வோம். முக்காலியில் நின்ற கேமராவின் படம் வி1இல், அதன் ஒலி ஏ1இல், ஒலிப்பதிவுக் கருவியில் தனியாகப் பிடித்த நாதஸ்வரமும் தவிலும் ஏ2இல் இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்த கரகத்தின் அண்மைக்காட்சி வி2க்குப் போக வேண்டும். அதன் ஒலி தேவையில்லை. கைப்பேசிக் கிளிப்பை மூலத்திரையில் (டைம்லைனில் வைக்குமுன் கிளிப்பைப் பார்க்கும் திரை) திறந்து, ஐ (I) விசையால் தொடக்கத்தையும் ஓ (O) விசையால் முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தடத்தலைப்பில் வி2ஐச் சொடுக்கினால் கட்டம் வி1இலிருந்து மேலே நகரும். கட்டமிட்ட ஏ1ஐ ஒருமுறை சொடுக்கினால் அதன் கட்டம் மறைந்து, ஒலி உள்ளே வராது. பிளேஹெட்டை உரிய இடத்தில் நிறுத்தி எஃப்10ஐ அழுத்துங்கள். கரகம் வி2இல் மட்டும் அமரும்.

எஃப்9ஐ இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அது பிளேஹெட் நிற்கும் இடத்தில் கிளிப்புகளை வெட்டிப் பின்னால் தள்ளிவிடும். தானியங்கித் தேர்வு (தடத்தலைப்பில் உள்ள Auto Select குறி) அணைந்திருக்கும் தடங்களோ நகராமல் நிற்பதால், படத்துக்கும் மேளத்துக்கும் உள்ள பொருத்தம் கெட்டுவிடும்.

சுட்டியால் இழுத்துப் போடுவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். இழுக்கும்போது செம்மஞ்சள் கட்டத்துக்கு வேலையில்லை. விடும் இடமே தடம். ஆனால் வி2இல் படத்தை விட்டால் அதன் ஒலி ஏ2க்குப் போகும் என்பதை நான் ஒரு திருவிழாப் படத்தில்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கரகம் குழிக்கு அருகே வரும் நேரத்தில் தவில் நான்கு நொடி அறுந்து, அந்த இடத்தில் கைப்பேசியின் காற்றிரைச்சல் கேட்டது. மேளக்காரரின் மகன்தான் அதைக் கவனித்துச் சொன்னார். தோட்டம் செம்பனையாக மாறிப் பாதிக் குடும்பங்கள் வெளியேறிய பின்பும் அந்த மேளத்துக்காக ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேலை தொடங்குமுன் ஏ2இன் தலைப்பில் உள்ள பூட்டுக் குறியைச் சொடுக்கிப் பூட்டிவிடுங்கள். பூட்டிய தடத்தின் மேல் எதுவும் விழாது. இழுத்தே ஆக வேண்டுமென்றால், மூலத்திரையின் மேல் சுட்டியை வைக்கும்போது கீழே தோன்றும் படச்சுருள் குறியைப் பிடித்து இழுங்கள். படம் மட்டுமே வரும்.

மேலே இன்னொரு தடம் தேவைப்பட்டால் எஃப்12 போதும்; அது இருக்கும் படங்களுக்கு மேலே கிளிப்பை வைக்கும். புதிய ஒலித்தடம் சேர்ப்பதாக இருந்தால், இரு சேனலில் பதிவான மேளத்துக்கு ஸ்டீரியோ வகையையே தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் ஏ1இன் கட்டத்தை மீண்டும் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்து வைக்கும் பூசாரியின் பேச்சு ஊமைப் படமாகவே வரும்.