சின்ன ஊர் கவுன்சலருக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்

எட்டு மாதமாக உங்களிடம் கவுன்சலிங்குக்கு வரும் பெண் ஒருநாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறார். "நீங்க கண்டிப்பா வரணும் மேடம்." போகலாமா, கூடாதா? புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான், அதனால் கவுன்சலரும் கிளையண்டும் (கவுன்சலிங்குக்கு வருபவர்) அறைக்கு வெளியே வேறு விதமாகவும் பழக நேரும் 'இரட்டை உறவு' பற்றி இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்கக் கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறைகளில் கிளையண்டின் கல்யாணத்துக்குப் போவது ஓர் உதாரணமாகவே வருகிறது. தடை ஒன்றும் இல்லை. சாதக பாதகத்தை யோசி, கிளையண்டிடம் பேசு, மூத்தவர் ஒருவரைக் கேள், எழுதி வை என்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியலில் மொய் நோட்டு இல்லை. நம் ஊரில் நீங்கள் 500 ரூபாய் மொய் எழுதினால் உங்கள் பேரும் ஊரும் நோட்டில் ஏறிவிடும், அதை என்றாவது ஒருநாள் அந்த வீட்டார் திருப்பிச் செய்தாக வேண்டும், அதற்கும் முன்னால் மறுநாள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போதே "இது யாரு, நம்ம பக்கத்துல இப்படி யாரும் இல்லையே?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். அந்தப் பெண் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை கவுன்சலிங் போனதைச் சொல்ல வேண்டும்.

அதனால் பத்திரிகையை மரியாதையாக வாங்கிக்கொண்டு, அங்கேயே கேளுங்கள்: "மண்டபத்துல நான் யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" அவரிடம் தெளிவான பதில் இருந்தால் போங்கள், வாழ்த்துங்கள், மொய் எழுதாமல் கிளம்பிவிடுங்கள். தயங்கினால் செஷனிலேயே வாழ்த்திவிடுங்கள், அந்தத் தயக்கத்தைப் பற்றியும் பேசலாம்.

ஒரே ஆளுக்கு நீங்கள் கவுன்சலராகவும் இன்னொன்றாகவும் (உறவுக்காரர், ஆசிரியர், வீட்டு ஓனர், எதுவாகவும்) இருப்பதுதான் இரட்டை உறவு. அமெரிக்க உளவியல் சங்கம் எல்லா இரட்டை உறவையும் தவறு என்று சொல்வதில்லை. உங்கள் நடுநிலையோ திறமையோ கெடும், அல்லது கிளையண்டுக்குச் சுரண்டலோ பாதிப்போ வரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தால் தவிர்க்கச் சொல்கிறது. 1993-இல் குட்டெய்ல், கபார்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் கவுன்சலிங் உறவின் எல்லையைப் பாதிப்பில்லாமல் கடப்பது வேறு, கிளையண்டுக்குப் பாதிப்பு வரும்படி மீறுவது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். மழையில் நனைந்து வந்தவருக்குத் துண்டும் டீயும் கொடுப்பது கடப்பது. அவரிடம் கைமாற்று கேட்பது மீறுவது. நடுவில் இருப்பவைதான் தலைவலி.

என் தலைவலியைச் சொல்கிறேன். குடியை விடுவதற்காக என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் பெயின்டர். வேலை இல்லாமல் இருந்தார், என் வீட்டுக்கும் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது, உதவிதானே என்று அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு சுவர் திட்டுத்திட்டாக வந்தது. என்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சொன்னால் உடைந்துபோவாரோ என்று பயம். அவரோ அடுத்த மூன்று செஷனும் குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அட்வான்ஸில் பாதி கடைக்குப் போயிருக்கிறது, முதலாளியிடம் போய் அதை எப்படிச் சொல்வார்? ஆமாம், அதற்குள் நான் அவருக்கு முதலாளி ஆகியிருந்தேன். ஊரில் வேறு ஆளே இல்லாவிட்டால் மட்டும் கிளையண்டிடம் வேலை கொடுங்கள், அதுவும் ஊர் ரேட்டுக்கு, சலுகை வாங்காமல், வேலை சரியில்லை என்றால் எப்படிப் பேசிக்கொள்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு. சீட்டு, கடன், பாலிசி எடுப்பது இதெல்லாம் எந்த நிலையிலும் வேண்டாம்.

அடுத்து சொந்தக்காரர்கள். "நம்ம பையன்கிட்ட கொஞ்சம் பேசிப் பாரேன், படிக்கவே மாட்டேங்கிறான்" என்று சித்தி கேட்டால் நெறிமுறை வகுப்பு எடுக்காதீர்கள், கோபம்தான் வரும். "சித்தி, என்கிட்ட சொன்னா உங்க காதுக்கு வந்துடும்னு அவன் பயப்படுவான். எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார், நம்பர் தர்றேன்" என்றால் போதும். அப்புறம் தீபாவளிக்குப் பார்க்கும்போது "போனானா, என்ன சொன்னாங்க?" என்று நீங்களே விசாரிக்காமல் இருக்க வேண்டும், கஷ்டமானது இதுதான்.

ரேஷன் கடையிலும் கோயிலிலும் எதிரே வருவார்கள், தவிர்க்க முடியாது. முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள்: "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினா பேசுவேன்." போனுக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் ஸ்டேட்டஸை கிளையண்ட் பார்க்க வேண்டியதில்லை. நான் முன்பு சொன்ன 2014 நெறிமுறையும் தற்போதைய கிளையண்டோடு சமூக வலைத்தளம் மாதிரி இடங்களில் சொந்த முறையில் தொடர்பு வைப்பதைத் தடுக்கிறது.

தோட்டத்து மாங்காய் நான்கு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன், திருப்பி அனுப்பினால் அவமானப்படுத்தியதாகிவிடும். பட்டுப்புடவை என்றால் வாங்குவதில்லை, எதற்காகக் கொடுக்கத் தோன்றியது என்று கேட்கிறேன்.

காதல், உடலுறவு: கிளையண்டோடும் இல்லை, அவர் துணை, குடும்பத்தாரோடும் இல்லை. பழைய கிளையண்ட் என்றால் கவுன்சலிங் சங்கம் கடைசித் தொழில்முறைத் தொடர்பிலிருந்து 5 வருடம், உளவியல் சங்கம் சிகிச்சை முடிந்ததிலிருந்து 2 வருடம் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறது, அதற்குப் பிறகும் நிபந்தனைகள் உண்டு. என்னைக் கேட்டால் எத்தனை வருடமானாலும் வேண்டாம்.

எதைச் செய்தாலும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: என்ன கேட்டார், என்னென்ன வழி இருந்தது, அவரிடம் என்ன பேசினீர்கள், சூப்பர்வைசர் (உங்கள் வேலையைப் பார்த்து வழிகாட்டும் மூத்தவர்) என்ன சொன்னார், ஏன் இப்படி முடிவு செய்தீர்கள். பெயின்டர் விஷயத்தை நான் எழுதவும் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு: திடீரென்று கிளையண்டை வெட்டிவிடாதீர்கள். நடந்ததை நேராகச் சொல்லுங்கள், உங்கள் பங்கு என்ன என்பதையும் சேர்த்து, பிறகு வேறு கவுன்சலரிடம் அனுப்புங்கள். அங்கே முதல் அப்பாயின்ட்மென்ட் முடிந்தது என்று தெரியும்வரை உங்களிடம் அவருக்கான நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். பெயின்டருக்கு இரண்டு வாரம் ஆனது. பாக்கிக் கூலியை அதற்கு முன்பே கொடுத்து முடித்துவிட்டேன்.