வார்ப்புதானே என்று அனுப்பிவிடாதீர்கள்: ஆயுத உதிரிபாக ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையாறுக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு, இந்தப் பக்கம் மதுக்கரை, கோவை என்று ராணுவத் தளவாட ஆர்டர் தேடும் ஃபவுண்டரிக்காரர்களும் லேத் பட்டறைக்காரர்களும் பெரும்பாலும் சறுக்குவது முதல் படியிலேயே. “துப்பாக்கியா செய்கிறோம்? வெறும் வார்ப்புதானே” என்று நினைத்துவிடுகிறார்கள். ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்துள்ள பொருள்கள், தொழில்நுட்பங்களின் பட்டியலான இந்தியாவின் ஸ்கோமெட் பட்டியலில் 6ஆம் பிரிவு ராணுவப் பொருள்களுக்கானது. அதில் 6ஏ016 என்ற பதிவே மெஷினிங் முடியாத வார்ப்புகளையும் ஃபோர்ஜிங்குகளையும் (அடித்து வடிவமைத்த உலோகத் துண்டுகள்) பற்றியது. பட்டியலில் உள்ள ஆயுதத்துக்கென்றே வடிவமைத்த துண்டு என்பது அதன் வடிவத்திலோ உலோகக் கலவையிலோ தெரிந்தால் போதும், ஏற்றுமதிக்கு உரிமம் தேவை. இன்வாய்ஸில் போடும் எச்.எஸ். எண்ணை (சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. டிராயிங்கில் எந்தக் கருவியின் பெயர் இருக்கிறது, பாகம் வேறெதற்காவது பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

டிராயிங்கை வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். சரக்குக்கு உரிமம் கேட்டுவிட்டுத் தொழில்நுட்பத்தை மறந்துவிடுபவர்கள் உண்டு. 6ஆம் பிரிவுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடம் அல்ல.

“ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லையே, நமக்கென்ன” என்பது அடுத்த தவறு. நாடுகளுக்கிடையே ஆயுதம் கைமாறுவதை ஒழுங்குபடுத்தும் அந்த ஒப்பந்தத்தின் மீது 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது உண்மை. ஒப்பந்தம் 2014 டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தியா 2017 டிசம்பரில், ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான நாடுகளின் கூட்டமைப்பான வாசனார் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. ஐ.நா. பாதுகாப்பு அவை விதிக்கும் ஆயுதத் தடையும் நம்மைக் கட்டுப்படுத்தும். வாங்கும் நாடு ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தில் இருந்தால், சரக்கு வேறு கைக்குத் திசைமாறாமல் தடுப்பது அதன் கடமை. அதனால் உங்களிடமும் கேள்வி வரும்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது இறுதிப் பயனர் சான்றிதழ். இடைத்தரகரின் லெட்டர்பேடை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வது சான்று ஆகாது. கடைசியில் பயன்படுத்துபவரின் பெயர், முகவரி, பொருள், அளவு, பயன், அனுமதியின்றி வேறு யாருக்கும் தரமாட்டோம் என்ற உறுதி ஆகிய அத்தனையும் அதில் இருக்க வேண்டும். மூன்றாம் நாட்டிலிருந்து பணம் வந்தாலோ, பெறுபவர் வெறும் சரக்கு முகவராக இருந்தாலோ, கேட்கும் எண்ணிக்கை அவர்கள் தேவைக்குப் பொருந்தாவிட்டாலோ நிறுத்திவிட்டு விசாரியுங்கள். திசைமாறும் பாகம் பொதுமக்களைச் சுடும் கைகளுக்கும் போய்ச் சேரலாம்.

அபராதம் சரக்கு மதிப்பின் 5 மடங்கு வரை போகலாம், ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் ரத்தாகலாம். உரிமம் கிடைத்த பிறகு பெறுபவரோ முகவரியோ மாறினால், திருத்தம் வாங்காமல் சரக்கை ஏற்றக் கூடாது.