ஃபின்னிஷையும் போஜ்புரியையும் பக்கத்துல வச்சுப் பாக்குறது எப்படி

ரெண்டு மொழிய கம்பேர் பண்ணனும்னு உக்காந்தா எல்லாரும் முதல்ல போடுறது வார்த்தை லிஸ்ட் தான், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அதுல தப்பில்ல, ஆனா அதோட நின்னுட்டா ஃபின்லாந்தோட ஃபின்னிஷுக்கும், பீகார், கிழக்கு உ.பி. பக்கம் பேசுற போஜ்புரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு பத்து நிமிஷத்துல மூடி வச்சிடுவீங்க. என் அனுபவத்துல வார்த்தைக்கு அரை நாள் போதும், வாக்கியத்துக்குத்தான் மிச்ச நேரம் எல்லாம் குடுக்கணும். அளவுகோலா தமிழ நடுவுல வச்சுக்கங்க. நமக்குத் தெரிஞ்ச மொழி அதுதான், அதோட இந்த ரெண்டுக்கும் அது குடும்பமே கிடையாது, அதனால ஒரு பக்கமா சாயாது.

சரி, முதல்ல வார்த்தை. தண்ணி, கை, ரத்தம், கண்ணு மாதிரி எந்த மொழியும் அவ்வளவு சீக்கிரம் வெளியில இருந்து வாங்காத சொல்லா எடுங்க. ஃபின்னிஷ்ல தண்ணி 'வெஸி', ரத்தம் 'வெரி'. ஹங்கேரியன்ல அதே ரெண்டும் 'வீஸ்', 'வேர்', பாத்தாலே சொந்தம்னு தெரியுது, ரெண்டும் யூராலிக் குடும்பம். போஜ்புரில கை 'ஹாத்', கண்ணு 'ஆங்க்', நமக்குத் தெரிஞ்ச ஹஸ்தம், அக்ஷி ரெண்டும் தேய்ஞ்சு வந்த வடிவம், அதாவது இந்தோ-ஆரியம், அதுலயும் வங்காளி இருக்கிற கிழக்குக் கிளை. "நான் போவேன்"னு சொல்ல போஜ்புரில 'ஹம் ஜாயிப்', வங்காளில 'ஆமி ஜாபோ', எதிர்காலத்துக்கு ரெண்டுலயும் அதே ப சத்தம், இந்தில இது கிடையாது.

இங்க ஒரு பொறி இருக்கு. ஃபின்னிஷ்ல நூறுக்கு 'ஸத', அப்படியே சமஸ்கிருத 'சத' மாதிரி இருக்குன்னு குதிக்காதீங்க. பல ஆயிரம் வருஷம் முன்னாடி யூராலிக் பேசுனவங்க பக்கத்துல இருந்த இந்தோ-இரானியன் (சமஸ்கிருதத்தோட மூதாதை) பேசுனவங்ககிட்ட இருந்து வாங்குன சொல் அது, சுத்தியலுக்குச் சொல்ற 'வசர' கூட அப்படி வந்ததுதான், வஜ்ரத்தோட சொந்தம். கடன் வாங்குனா உறவாயிடாது. இன்னொரு வகை பொறி ரோமன் எழுத்துல வரும், ஃபின்னிஷ்ல "மற்றும்"ங்கிற சொல்லும் போஜ்புரில "போ"ங்கிற சொல்லும் ரோமன்ல எழுதுனா ஒரே ரெண்டு எழுத்து, ஆனா ஃபின்னிஷ்காரர் அதை 'ய'ன்னு வாசிப்பார், போஜ்புரிக்காரர் 'ஜா'ன்னு சொல்வார். அதனால காதுல கேட்டு எழுதுங்க, கண்ணால பாத்து எழுதாதீங்க.

கேட்டு எழுதும்போது தமிழ் எழுத்து ஒரு மொழிக்கு ரொம்ப உதவும், இன்னொண்ணுக்குக் கால வாரும். ஃபின்னிஷ்ல 'துலி'ன்னா நெருப்பு, 'தூலி'ன்னா காத்து, 'துல்லி'ன்னா சுங்கம். படு, பாடு, பட்டுன்னு நாம பிரிக்கிறோமே அதே கணக்கு, குறில் நெடில் ஒற்று எல்லாம் நம்ம எழுத்துல கச்சிதமா உக்காருது (ஆவும் ஏவும் கலந்த மாதிரி ஒண்ணு, இன்னும் தமிழ்ல இல்லாத சில உயிர் இருக்கு, அதுக்கெல்லாம் தனித்தனியா ஒரு குறி வச்சுக்கங்க). போஜ்புரில பேச்சுக்கு 'பாத்', சோத்துக்கும் 'பாத்', தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணு, ஆனா வாயில சோறு மட்டும் மூச்சு சேந்து அழுத்தமா வரும். இந்த மூச்சு சத்தத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளியோ கோடோ போடுற பழக்கத்த முதல் நாளே ஆரம்பிச்சிடுங்க, இல்லன்னா ஒரு வாரம் கழிச்சு உங்க நோட்டு உங்களுக்கே புரியாது.

இப்ப வாக்கியம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். "என்கிட்ட புத்தகம் இருக்கு" எடுத்துக்கங்க. ஃபின்னிஷ்ல 'மினுல்ல ஒன் கிர்ய', அதாவது என்மேல-இருக்கு-புத்தகம். போஜ்புரில 'ஹம்ரா லகே கிதாப் பா', என்-கிட்ட-புத்தகம்-இருக்கு. இங்கிலீஷ்ல இருக்கிற மாதிரி "வச்சிருக்கேன்"னு சொல்ல தனி வினை ரெண்டுக்குமே தேவைப்படல, நமக்கும் தேவையில்ல. மூணு குடும்பம், ஒரே வழி. இத முதல் தடவ மூணு வரியா எழுதிப் பாத்தப்போ எனக்கு மத்த வேலையே ஓடல.

அடுத்து "போகமாட்டேன்". ஃபின்னிஷ்ல இல்லைங்கிறதே ஒரு வினை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும், 'என் மெனெ', 'எத் மெனெ', 'எய் மெனெ', பின்னாடி இருக்கிற 'மெனெ' அசையாது. போக மாட்டேன், போக மாட்ட, போக மாட்டான்னு நாம சொல்றப்போ 'போக' அசையாம இருக்குல்ல, அதேதான். போஜ்புரில பொதுவா 'நா'ன்னு ஒரு சின்ன சொல் போதும், 'ஹம் நா ஜாயிப்'. ஆனா "இல்ல"ன்னு சொல்றப்போ 'நயிகே'ன்னு ஒண்ணு வரும், "நான் இல்ல"ன்னா அது 'நயிகீ'ன்னு மாறும், அதாவது அந்த ஒரு மூலையில மட்டும் ஃபின்னிஷ் பக்கம் எட்டிப் பாக்குது.

வேற்றுமைய எண்ணிக்கிட்டு உக்காராதீங்க. ஃபின்னிஷ்ல 15 வேற்றுமைன்னு எல்லா எடத்துலயும் பயமுறுத்துவாங்க, வீடு 'தலொ', வீட்ல 'தலொஸ்ஸ', வீட்ல இருந்து 'தலொஸ்த', வீட்டுக்குள்ள 'தலோன்', நமக்கு இதுல என்ன புதுசு. போஜ்புரில 'கர் மே', 'கர் சே'ன்னு தனியா பின்னாடி நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நேரம் செலவு பண்ண வேண்டியது வேற ஒரு எடத்துல. 'லுஇன் கிர்யா'ன்னா புத்தகம் படிச்சிட்டு இருந்தேன், 'லுஇன் கிர்யன்'னா படிச்சு முடிச்சேன். வினை ரெண்டுலயும் ஒண்ணுதான், முடிஞ்சுதா முடியலையாங்கிற சேதிய புத்தகத்தோட வால் சொல்லுது! போஜ்புரியும் தமிழும் அத வினைகிட்டயே விட்டுடும், 'படத் ரஹனி'ன்னா படிச்சிட்டு இருந்தேன், 'பட் லெஹனி'ன்னா படிச்சுட்டேன். இந்த ஒரு ஜோடிய நல்லாப் புரிஞ்சுக்கிட்டா ஃபின்னிஷ்ல பாதிக் கஷ்டம் குறையும்.

அவன், அவள்னு பிரிக்கிறதுல நாமதான் தனியா நிக்கிறோம். ஃபின்னிஷ்ல ரெண்டு பேருக்கும் ஒரே சொல், போஜ்புரில ரெண்டு பேருக்கும் 'ஊ', ஆனா போஜ்புரி வினைல சில எடத்துல பெண்பால் தலைகாட்டும். மரியாதைல போஜ்புரி நம்ம பக்கம், தே, தூ, ரவுவான்னு படிப்படியா ஏறும், கூடவே வினையும் மாறும். ஃபின்லாந்துல தெரியாதவங்ககிட்ட கூட சாதாரண 'நீ'யே பெரும்பாலும் ஓடும். எண்ணிக்கைய வேகமா பாத்துடலாம், 'ரெண்டு வீடு'ன்னு நாம ஒருமைலயே விடுறோம், ஃபின்னிஷ் 'கக்ஸி தலொஅ'வும் ஒருமைதான், போஜ்புரில எண்ணோட 'கோ' ஒட்டி 'தூகோ கர்'.

பேசுறவங்க எண்ணிக்கைய எழுதும்போது கவனமா இருங்க. ஃபின்லாந்தோட மொத்த ஜனத்தொகையே சுமார் 56 லட்சம், அந்த மொழி அங்க ஆட்சி மொழி, 1995ல இருந்து ஐரோப்பிய யூனியன் மொழியும் கூட. போஜ்புரி 2011 சென்சஸ்ல 5 கோடிக்கு மேல, ஆனா இந்தி மொழியோட கிளையா எண்ணிட்டாங்க, அரசியலமைப்போட எட்டாவது அட்டவணைல அதுக்கு இன்னும் எடமில்ல. மொரிஷியஸ், சூரினாம், ஃபிஜின்னு கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க கொண்டுபோன பேச்சையும் தனி வரியா எழுதுங்க, அங்கங்க அது வேற வேற உருவம் எடுத்துடுச்சு.

இந்த நிலைமை உங்க வேலையையும் நேரா பாதிக்கும். ஃபின்னிஷுக்கு நல்ல அகராதியும் இலக்கணமும் ஈசியா கிடைக்கும், அங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான், "நான் இருக்கேன்"னு புத்தகத்துல 'மினா ஒலென்'னு இருக்கும், வாயில 'மா ஓன்'னு வரும், அதனால எழுத்து மொழியா பேச்சு மொழியான்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. போஜ்புரிக்கு ஆள்கிட்ட கேக்குறதுதான் நல்லது. எந்த ஊர்ப் பேச்சுன்னு கேட்டு எழுதிக்கங்க, பீகார்ல ஆரா, உ.பி.ல பலியா பக்கம் 'பா'ன்னு முடிக்கிறத பனாரஸ்ல 'ஹவ்'னு முடிப்பாங்க. முக்கியமா இந்தி வாக்கியத்தக் குடுத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க, பதிலும் இந்தி சாயல்லயே வரும். ஒரு புத்தகத்த அவர் கைல குடுத்து "இது யார்கிட்ட இருக்கு"ன்னு கேளுங்க, அப்புறம் அத வாங்கி வச்சுட்டு திரும்பக் கேளுங்க. 'பா'வும் 'நயிகே'வும் தானா வந்து விழும், ரெக்கார்டர மட்டும் ஆன் பண்ணி வச்சிருங்க.