பெயரெழுதக் கற்றுக்கொடுத்துக் கெடுத்த கதை: முதியோர் வகுப்பில் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் வட சென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் புதிதாக நான்கு தன்னார்வலர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் இருபத்தைந்துக்குள்தான் வயது. இரண்டாவது வாரமே அவர்களில் ஒரு பெண் முகமெல்லாம் மலர ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்பது பேர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற தாளை நானும் இப்படித்தான் ஒருவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

குரலை உயர்த்தாதீர்கள், கேலி பேசாதீர்கள், நேரத்துக்கு வாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பவர் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

வெள்ளெழுத்தை மந்தம் என்று நினைப்பது

நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும். படித்தவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போவார். படிக்காதவருக்குக் கண் மங்கிய செய்தியே தெரியாது. ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். ‘ம’வுக்கும் ‘ழ’வுக்கும் வேறுபாடு பிடிபடாமல் மூன்று மாதம் தவித்த ஒரு மூட்டை தூக்கும் பெரியவரை, இவருக்கு ஏறாது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியை விளையாட்டாக மாட்டிப் பார்த்தவர், “இதற்குக் கீழே ஒரு வால் இருக்கிறதே!” என்றார். ‘ழ’வின் வால்தான் அது.

இப்போது முதல் நாள் பலகைக்கு முன்பாக ஊசியையும் நூலையும் எடுத்து வைக்கிறேன். கோக்க முடியாதவருக்கு முதலில் கண் பரிசோதனை, பிறகுதான் ‘அ’.

குழந்தைகளின் அரிச்சுவடி

வேண்டாம். பேரன் பேத்தி எடுத்தவருக்கு அணில் படம் எதற்கு?

கையெழுத்தில் தொடங்குவது

இதைப் பற்றிப் பேசினால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மீதே.

பெயரெழுதக் கற்றுக்கொடுப்பது எளிது. பத்துப் பதினைந்து நாள் போதும். கற்பவருக்கும் அதில் கொள்ளை ஆசை. ‘கைநாட்டு’ என்பது இந்த ஊரில் வசைச் சொல். நன்கொடை கொடுப்பவருக்கோ மை படிந்த விரல் ஒரு படம், பேனா பிடித்த விரல் இன்னொரு படம், அறிக்கை முடிந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரைத்தான் எழுத்தறிவு பெற்றவராகச் சேர்க்கிறார்கள். படிக்க மட்டும் தெரிந்தவருக்கு அதில் இடமில்லை. நாங்களோ பெயரை வரையத் தெரிந்தவரையெல்லாம் கணக்கில் ஏற்றினோம்.

‘வரைய’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் குடியிருந்து, அங்கேயே இட்லிக் கடை போட்ட ஓர் அக்கா என் முதல் ஆண்டு மாணவி. பதினோரு நாளில் பெயரெழுதினார். அவர் எழுதுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். முதலில் புள்ளிகளை எல்லாம் வைத்துவிடுவார். பிறகு கடைசி எழுத்தின் சுழியில் தொடங்கி, வலமிருந்து இடமாக வந்து முதல் எழுத்தில் முடிப்பார். கோலம் போடுகிற கை. அவர் எழுதவில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ கைதட்டினேன்.

அடுத்த ஆண்டு, தெரிந்த பையன் ஒருவன் ஆட்டோ வாங்கக் கடன் எடுத்தான். ஜாமீனுக்கு ஆள் தேவைப்பட்டது. அதுவரை கைநாட்டு என்பதால் அக்காவை யாரும் அதற்குக் கூப்பிட்டதில்லை. இப்போதுதான் அழகாகக் கையெழுத்துப் போடுகிறாரே! நான்கு இடத்தில் போட்டார். ஏழாம் மாதம் பையனையும் காணவில்லை, ஆட்டோவையும் காணவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வசூலுக்கு இருவர் இட்லிக் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அதைக் கட்டத் தினவசூல் கடனான தண்டலில் வாங்கினார். தண்டலை அடைக்க, கட்டக் கட்ட ஏறும் மீட்டர் வட்டி. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து, “நான்தான் கட்ட வேண்டும் என்று இதில் எந்த இடத்தில் இருக்கிறது தம்பி?” என்று மட்டும் கேட்டார். இரண்டாவது வரியிலேயே இருந்தது.

கைநாட்டு அவமானம்தான். ஆனால் அது ஓர் எச்சரிக்கைப் பலகையும்கூட. ரேகை வைப்பவரிடம் பத்திரம் எழுதுகிறவர்கள் ‘படித்துக் காட்டப்பட்டது’ என்று எழுதிச் சாட்சி வைப்பது வழக்கம். வங்கியிலும் சாட்சி கேட்பார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால், எழுத்தறியாதவருக்கு விஷயம் விளங்கியிருந்தது என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் பத்திரத்தை நீட்டுகிறவர் தலையில் விழும். கையெழுத்துப் போட்டவரையோ படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாதவருக்கு இருந்த அந்த ஒரே வேலியை நான் பதினோரு நாளில் பிடுங்கிப் போட்டேன்.

ஆகவே என் வகுப்பில் இப்போது கையெழுத்து கடைசியில்தான். முதலில் ஒரு பத்திர நகலைக் கொடுத்து நான்கு சொற்களைத் தேடச் சொல்கிறேன்: கடன், வட்டி, ரூபாய், ஜாமீன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பாடநூல்களில் ‘ஜ’, ‘ஸ’, ‘ஷ’, ‘ஹ’ எல்லாம் கடைசிப் பக்கத்தில், பல நேரம் அங்கேயும் இல்லை. 247 எழுத்தில் அவை சேராதாம். ஆனால் ஏழையை மறிக்கிற சொற்களைப் பாருங்கள்: ஜாமீன், போலீஸ், ரேஷன், ஆஸ்பத்திரி, நோட்டீஸ். இலக்கணச் சண்டையைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் ‘ஜ’வை முதல் மாதமே நடத்துகிறேன்.

கையெழுத்துதான் முதலில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு நின்றுவிட்டவர்களும் உண்டு. போகட்டும்.

கூலியைக் கேட்காமல் நேரம் குறிப்பது

கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு நள்ளிரவில் வேலை தொடங்கும். காலை பத்து மணிக்கு அவர் தூங்க வேண்டும். எழுத்தோடு நாம் கொடுக்கும் தொழிற்பயிற்சி பத்து மணிக்குத்தான் என்றால், வராதவரைச் சோம்பேறி என்று எழுதாதீர்கள். ஒன்றரை மாதம் கூலியில்லாமல் பயிற்சிக்கு வா என்பதும் அப்படித்தான். நடைபாதைக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போனால் அன்று உலை இல்லை. உதவித்தொகை கொடுக்க வழியில்லை என்றால் வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்து நடத்துங்கள்.

எழுத்து தனி, தொழில் தனி என்று பிரிப்பது

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், முதியோருக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கற்ற மறுநாளே அதில் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் முடிந்தது. எங்கள் காப்பகத்திலோ தையல் ஓர் அறையில், தமிழ் இன்னோர் அறையில். அளவு எழுதும் நோட்டே தமிழ்ப் பாடமாக இருக்கலாம் என்று தோன்றவே எங்களுக்கு நான்கு ஆண்டு பிடித்தது. இடுப்பு, தோள், நீளம், கழுத்து: இவை போதும், ‘ழ’வும் ‘ள’வும் வந்துவிடும்.

தையலை மிதி மிஷினோடு நிறுத்திக்கொள்வது

ஆடைத் தொழிற்சாலைகளில் இருப்பது மின்சாரத்தில் ஓடும் பவர் மிஷின். பெடலில் கால் வைத்ததும் துணி பறக்கும். பழகாதவர் முதல் நாளே அழுதுகொண்டு திரும்புவார்.

“எட்டாவது பாஸா?”

வாடகை வண்டி ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். பழைய படிவத்தை வைத்துக்கொண்டு இன்னும் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழ் விழா

அந்தச் செலவுக்குக் கண்ணாடி வாங்கலாம்.

தேய்ந்த ரேகை

செங்கல்லும் சிமென்ட்டும் தூக்கிய விரலில் ரேகை இருக்காது. விரல் வைக்கும் வருகைப் பதிவுக் கருவி அவரை ஏற்காது. அன்று வரவில்லை என்றுதான் காட்டும். பக்கத்தில் ஒரு காகிதப் பதிவேடும் வையுங்கள். அதில் அவர் பெயரை நீங்கள் எழுதி, அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.