வீட்டை விற்றுவிட்டு வேனில் குடியேறுவது எப்படி? பெங்களூரிலிருந்து ஒரு செய்முறை

கேரவனில் குடியேறப் போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது சாமானைப் பற்றித்தான். "இவ்வளவு பாத்திரத்தையும் என்ன பண்ணுவீங்க?" என்றார்கள். என் மகள் மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டாள்: "அம்மா, பேங்க்ல அட்ரஸ் கேட்டா என்ன எழுதுவ?"

நானும் வீட்டுக்காரரும் ஹெச்ஆர்பிஆர் லேஅவுட்டில் 30க்கு 40 சைட்டில் கட்டியிருந்த வீட்டை 2025-ல் விற்றுவிட்டு, ஃபோர்ஸ் டிராவலரில் அமைத்த கேரவனில் இருக்கிறோம். இந்தப் பதிவு இதே யோசனையில் இருப்பவர்களுக்கு. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்ற விவாதத்தை உங்கள் வீட்டில் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது வரிசையை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பது மாறினால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

1. முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

பெங்களூரிலேயே கேரவன் வாடகைக்குக் கிடைக்கிறது. டிசம்பரில் எடுக்காதீர்கள், டிசம்பரில் எல்லா வேனும் சுகமாகத்தான் இருக்கும். ஏப்ரல் வெயிலில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை எடுங்கள். இரண்டு பேரும் அந்த அகலத்தில் சண்டை போடாமல் காபி போட முடிகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

2. வீட்டை விற்பதற்கு முன் முகவரியை மாற்றுங்கள்

வேன் முகவரி ஆகாது. ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல், லைசென்ஸ், வண்டியின் ஆர்சி (பதிவுச் சான்று) எல்லாவற்றுக்கும் கதவு எண் போட்ட ஓர் இடம் வேண்டும். நாங்கள் மகள் வீட்டு முகவரிக்கு மாறினோம்.

ஆதாரில் 'குடும்பத் தலைவர்' வழியாக முகவரி மாற்றும் வசதி 2023-லிருந்து இருக்கிறது. பிள்ளையோ பெண்ணோ தன் ஆதார் முகவரியை உங்களுக்குத் தரலாம். மைஆதார் தளத்தில் நீங்கள் விண்ணப்பித்ததும், அவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் விண்ணப்பம் காலாவதி. பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் நேரம் பார்த்து போன் போட்டு நினைவுபடுத்துங்கள்.

ஆதார் மாறிய பிறகு வங்கி கேஒய்சி, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, டிரைவிங் லைசென்ஸ் என்று போகலாம். இதற்கு அப்புறம்தான் வேன் வாங்க வேண்டும். பழைய வீட்டு முகவரியில் ஆர்சி எடுத்துவிட்டால், வீட்டை விற்று இடம் மாறிய 30 நாளுக்குள் அதையும் மாற்றச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை செய்வானேன்?

3. இனிஷியல்: இங்கேதான் நின்றுபோனோம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தமிழர்களுக்கென்றே வரும் சிக்கல் இது.

பெங்களூரில் இப்போது இ-காத்தா (சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் மாநகராட்சியின் மின்னணுப் பதிவு) இல்லாமல் கிரயப் பத்திரம் பதிவாகாது. 2024 அக்டோபரிலிருந்து இதுதான் நடைமுறை. இ-ஆஸ்தி தளத்தில் உங்கள் சொத்தின் வரைவு இ-காத்தாவை எடுத்து, கிரயப் பத்திர எண், சொத்து வரி விவரம், பெஸ்காம் (மின்சார வாரியம்) கணக்கு எண், வீட்டின் புகைப்படம், ஆதார் சரிபார்ப்பு எல்லாம் கொடுத்தால் இறுதி இ-காத்தா வரும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரில் உள்ள பெயரும் பழைய பதிவில் உள்ள உரிமையாளர் பெயரும் பொருந்த வேண்டும்.

நம் ஆட்களின் பெயரை ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் 'கே. சண்முகம்'. ஆதாரில் 'சண்முகம் கருப்பையா'. பான் அட்டையில் 'கருப்பையா சண்முகம்'. வரி ரசீதில் 'சண்முகம் கே'. நமக்கு ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். மனைவியும் கூட்டு உரிமையாளர் என்றால் இன்னும் விசேஷம்: கல்யாணத்துக்கு முன் எடுத்த சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல், பத்திரத்தில் கணவரின் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லை. என் கதை அப்படியே இதுதான்.

செய்ய வேண்டியது:

எல்லா ஆவணங்களையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். 'மேலோட்டமா ஒரே மாதிரிதானே இருக்கு' என்று விடாதீர்கள். பத்திரத்தை இனி மாற்றுவது எளிதல்ல, அதனால் அதற்கு மிக நெருக்கமாக மற்றவற்றைக் கொண்டுவர வேண்டும். முதலில் ஆதாரும் பானும் ஒன்றுக்கொன்று பொருந்தட்டும். இந்த இரண்டும் இணைக்கப்படாமல் பான் செயலிழந்து கிடந்தால், வாங்குபவர் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டிவரும். ஒரு கோடிக்கு விற்றால் இருபது லட்சம் போய் மாட்டிக்கொள்ளும்.

அதற்கும் மிஞ்சி வித்தியாசம் இருந்தால், 'மேற்படி பெயர்கள் அனைத்தும் என் ஒருவரையே குறிக்கும்' என்று முத்திரைத் தாளில் பிரமாண வாக்குமூலம் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்குங்கள். எந்தப் பெயரையும் விடாமல் எல்லா வடிவங்களும் அதில் இருக்க வேண்டும். எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் இரண்டு வடிவத்தோடு நிறுத்திவிட்டார், மறுபடி போய் நின்றோம். கடைசியாக, வரைவு இ-காத்தாவில் பெயர் கன்னடத்தில் எப்படி வந்திருக்கிறது என்று கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எங்கள் எதிர்வீட்டு மாமிதான் என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார்.

4. விற்பனை

கர்நாடகப் பத்திரப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். வாங்குபவரின் வக்கீல் பெரும்பாலும் 30 வருடத்துக்குக் கேட்பார். பிடிஏ (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) ஒதுக்கிய சைட் என்றால் ஒதுக்கீட்டுக் கடிதம், லீஸ்-கம்-சேல் ஒப்பந்தம், பொசெஷன் சான்றிதழ், பிறகு வந்த முழு கிரயப் பத்திரம் என்ற சங்கிலி முழுமையாக வேண்டும்.

புரோக்கர் தேவையா? என் அபிப்பிராயத்தில் தேவை. காலி மனைக்கு வேண்டாம், குடியிருந்த வீட்டுக்கு வேண்டும். ஆள் வந்து "கிச்சன் ரொம்ப சின்னது" என்று சொல்வதை நாமே நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாதி ரொக்கம், பாதி செக் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: பதிவு முடிந்த பிறகும் இத்தனை நாள் வரை வீட்டில் இருந்து காலி செய்யலாம் என்று. எங்களைக் காப்பாற்றியது இந்த வரிதான்.

5. வரி

விற்ற பணத்தில் வேன் வாங்கினால் மூலதன ஆதாய வரிக்கு விலக்கு கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது. பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 54 கேட்பது குடியிருப்பு வீடு. நாம் அதில் தூங்கினாலும் சமைத்தாலும் சட்டத்துக்கு அது வண்டிதான்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தை இந்தியாவில் வசிப்பவர் விற்றால் இரண்டு கணக்கில் குறைவானதைக் கட்டலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்றால் 2001 ஏப்ரல் 1-ல் இருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம், ஆனால் அன்றைய அரசு மதிப்பைத் தாண்டக் கூடாது. சரிக்கட்டலுக்கான பணவீக்கக் குறியீட்டு எண் 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376. அதாவது 2001-ல் 10 லட்சம் மதிப்பு என்றால் சரிக்கட்டிய விலை 37.6 லட்சம். 1 கோடி 80 லட்சத்துக்கு விற்றால் 20 சதவீதக் கணக்கில் வரி சுமார் 28.5 லட்சம், 12.5 சதவீதக் கணக்கில் 21.25 லட்சம். செஸ், சர்சார்ஜ் தனி. 2001 மதிப்பைப்போல் எட்டரை மடங்குக்கு மேல் விற்றால் 12.5 தான் லாபம். பெங்களூரில் பழைய வீடுகள் பலவும் இந்த ரகம்.

வரியைக் குறைக்க 54இசி பத்திரங்கள் (அரசு நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரங்கள்) இருக்கின்றன. விற்ற ஆறு மாதத்துக்குள் ஆளுக்கு 50 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. வட்டி 5.25 சதவீதம், அதற்கும் வரி உண்டு. கணவன் மனைவி இருவரும் உரிமையாளர் என்றால் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகப் போடலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. உங்கள் ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்.

6. வேன்

பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டுக்கொள்ளலாம் என்று யூடியூபில் பார்த்து ஆசைப்படாதீர்கள். உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தரம் இருக்கிறது. அதன்படி அனுமதி பெற்ற வடிவமைப்பா, ஆர்சியில் கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று வருமா, இந்த இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டுவதற்குச் கார் ஓட்டும் சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும், 7,500 கிலோவுக்குள் இருக்கும் வரை. 55 வயதுக்கு மேல் லைசென்ஸ் ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிக்கப்படும், மருத்துவச் சான்றும் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி பெரிதாக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ.

7. சாமான்

பித்தளையை எடைக்குப் போடுவதாக இருந்தால் உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள், வெண்கலத்தைத் தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஒரே விலை சொல்வார்கள். ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்களுக்கு அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் போன் செய்து கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள், மூட்டையோடு போய் நிற்காதீர்கள். கொலு பொம்மைகளை விற்க மனம் வராது, நாத்தனார் வீட்டுக்கு ஒரு பெட்டி, பக்கத்து வீட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். ஆட்டுக்கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டோடு சேர்த்து விற்றுவிடுங்கள்.

8. சமையலும் கரண்டும்

வீட்டு காஸ் இணைப்பை ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வேனில் நாங்கள் வைத்திருப்பது 5 கிலோ சிலிண்டர். முகவரிச் சான்று இல்லாமலேயே பெட்ரோல் பங்கில் கிடைக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் காற்றுத் துளை தரை மட்டத்தில் இருக்க வேண்டும், ஜன்னல் மட்டும் போதாது.

இண்டக்‌ஷன் அடுப்பு போதும் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12.8 வோல்ட், 200 ஏஹெச் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் இரண்டரை யூனிட். 1,500 வாட் இண்டக்‌ஷன் ஒரு மணி நேரம் ஓடினாலே ஒன்றரை யூனிட் போய்விடும். மேகமூட்டமான நாளில் சோலார் அதை நிரப்பாது. ஆனால் 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி ஓடினாலும் நஷ்டம் கொஞ்சம்தான். இட்லி மாவு கடையில் வாங்குவதற்கு நான் தயாரில்லை, அதனால் கிரைண்டர் எங்களோடு வருகிறது. வண்டி கிளம்பும்போது கல்லைத் தனியாக எடுத்துத் துணி சுற்றிக் கட்டில் அடியில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே பாத்திரத்தின் அடி நசுங்கும்.

பின்சேர்க்கை

பதிவு போட்டதும் வந்த கேள்விகளில் மூன்று முக்கியமானவை.

பென்ஷன்காரர் ஒருவர் நவம்பர் மாத உயிர்வாழ் சான்றிதழுக்கு ஊர் திரும்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினால் போதும். நல்ல வெளிச்சத்தில், சிக்னல் உள்ள இடத்தில் உட்காருங்கள்.

இன்னொருவர், ஓசூரில் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிட்டால் வரியும் மிச்சம், முகவரியும் கிடைக்குமே என்றார். உண்மைதான். ஆதாயம் பெரிதாக இருந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அதுவே நல்ல வழி. எங்களுக்கு இன்னொரு வீட்டைக் கூட்டிப் பெருக்கத் தெம்பில்லை.

மூன்றாவது, கர்நாடகப் பதிவு எண்ணோடு தமிழ்நாட்டிலேயே இருந்துவிடலாமா என்பது. 12 மாதத்துக்கு மேல் வண்டியை வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்கிருந்து தடையின்மைச் சான்று எடுக்க வேண்டும். மகளைப் பார்க்க நாங்கள் அடிக்கடி பெங்களூர் வருவதால் அந்தப் பிரச்சினை இல்லை. வந்து போகும்போது டோல் ரசீது, பெட்ரோல் பங்க் பில்லை எடுத்து வையுங்கள். எத்தனை மாதம் எங்கே இருந்தது என்று ஆர்டிஓ சோதனையில் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.