பழைய ரேடியோப் பெட்டியைக் கெடுக்கும் வழிகள்

குன்னூரில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த ஒரு பழைய வால்வு ரேடியோ இறங்கினால், வீட்டில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: “இதை நாமே பாலிஷ் போட்டு ஹாலில் வைக்கலாமே!” ஐம்பது அறுபது வருடம் எலிக்கும் ஈரத்துக்கும் தப்பிக் கிடந்த பெட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்தான் கெடும். என் கையால் இரண்டு பெட்டி அப்படிக் கெட்டிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இறக்கியவுடன் பிளக்கைச் சொருகிப் பார்க்காதீர்கள். பாடுகிறதா என்ற ஆசை எல்லோருக்கும் வரும்தான். ஆனால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பழைய கண்டென்சர்கள் செத்திருந்தால் புகைதான் வரும். அதை ரேடியோ மெக்கானிக் பார்க்கட்டும். வால்வும் மற்ற பாகங்களும் பொருத்திய இரும்புத் தட்டான சேஸிஸைக் கழற்றும் வேலையையும் அவர் கையிலேயே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது காலிப் பெட்டி மட்டும். சேஸிஸ் உள்ளே இருக்கும்போது பாலிஷ் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தூசியும், பாலிஷைக் கரைக்கும் ஸ்பிரிட்டும் ஸ்பீக்கரின் காகிதத்தில் போய்ச் சேரும்.

குமிழைக் கழற்றுவதில்தான் முதல் சேதம் நடக்கும். பல செட்டுகளில் குமிழின் பக்கவாட்டில் ஒரு சிறு துளையும், அதற்குள் தலையில்லாத ஒரு திருகும் இருக்கும். துளையில் மெழுகு அடைத்திருப்பார்கள். அதை அழுக்கு என்று நினைத்துவிட்டு, முன்னாலிருந்து ஸ்குரூடிரைவரால் நெம்பினால் குமிழும் விரியும், பெட்டியின் முகத்திலும் பள்ளம் விழும். துளையே இல்லாவிட்டால் அது இழுத்தால் வரும் வகை. ஒரு மெல்லிய துணியைக் குமிழுக்குப் பின்னால் சுற்றி நேராக இழுக்க வேண்டும்.

அந்த மெழுகு சும்மா வைத்ததில்லை. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் செட்டுகளில் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. கரண்டின் ஒரு கம்பி சேஸிஸோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க ஷாக் அடிக்கும். குமிழுக்குள் இருக்கும் திருகும் அதே இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால், விரல் படாமல் இருக்கத்தான் மெழுகு. வேலை முடிந்ததும் மெழுகுவர்த்தியிலிருந்து இரண்டு சொட்டு விட்டு அடைத்துவிடுங்கள்.

டயல் கண்ணாடியில் ஊர்ப் பெயர்களும் அலைநீளத்தைக் காட்டும் மீட்டர் எண்களும் பெரும்பாலும் பின்பக்கம்தான் அச்சிட்டிருக்கும். முன்பக்கத்தைத் தாராளமாகத் துடைக்கலாம். பின்பக்கத்தில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷைத் தவிர எதுவும் படக்கூடாது. நான் ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். துணியில் பொன்னிறமாக ஏதோ ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் கொழும்பைக் காணவில்லை. டெல்லியில் முதல் எழுத்து மட்டும் மிச்சம். இலங்கை வானொலி கேட்பதற்காகவே தாத்தா வாங்கிய ரேடியோ அது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அவர் கண்ணை மூடிக்கிட்டே முள்ளை வைப்பாருடா, விடு” என்றார். அதுதான் இன்னும் உறுத்தியது.

சரி, மரத்துக்கு வருவோம். பெட்டி கறுத்திருக்கிறது என்றதும் உப்புத்தாளைத் தேடுகிறோம். மலை வீடுகளில் கணப்புப் புகையும் சமையலறை எண்ணெயும் வருடக்கணக்காகப் படிந்து, நல்ல பாலிஷையே கெட்டதுபோலக் காட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை. பாதிப் பெட்டிகளுக்கு இதற்கு மேல் கொஞ்சம் மெழுகுப் பாலிஷ் தேய்த்தாலே போதும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், மேலே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர் என்ற வார்னிஷ் வகை. அரக்காக இருந்தால் சுரண்டவே வேண்டாம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சை லேசாக ஓட்டினால் பழைய பூச்சே இளகி, கீறலை மூடிக்கொண்டு மறுபடி படியும்.

மெஷின் வைத்துத் தேய்ப்பதைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். ரேடியோப் பெட்டி பெரும்பாலும் முழுத் தேக்கில் செய்ததில்லை. பிளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோலான வேனீர்தான் அந்த அழகெல்லாம். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூலைகளில் பத்து விநாடியில் கீழ்மரம் வெளுப்பாக எட்டிப் பார்க்கும். அப்புறம் பட்டி வைத்து, நிறம் கலந்து என்ன செய்தாலும் அந்தத் திட்டு தெரிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று: ஓரங்களில் இருக்கும் கரும்பழுப்பு பல பெட்டிகளில் மரத்தின் நிறமே கிடையாது, கம்பெனியில் தெளித்த நிற லாக்கர். அதை உரித்துவிட்டு, “உள்ளே மட்ட மரம் போட்டிருக்கிறான்” என்று திட்டிப் பயனில்லை.

இனி எங்கள் மலைக்கே உரிய தவறு. என் இரண்டாவது பெட்டி இதில்தான் போயிற்று. அக்டோபர் மாதம், மழைக்கு நடுவே ஒரு நாள் வெளுத்திருந்தது. காலையில் போட்ட பூச்சு கண்ணாடிபோல வந்தது. மூன்று மணிக்கு லாம்ஸ் ராக் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறியது. ஜன்னலைச் சாத்தாமல் அடுத்த பூச்சை ஓட்டினேன். கண்ணெதிரிலேயே பெட்டியின் தலைப்பக்கம் மோர் தெளித்ததுபோல வெளுத்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பிலிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நுண்துளியாகப் படிந்து பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெளுப்பு அதுதான். பயந்துபோய் அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சு போட்டு ஈரத்தை உள்ளேயே பூட்டினேன். அது போதாதென்று கணப்புக்குப் பக்கத்தில் காய வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் சூடேறி வேனீர் கொப்புளம் விட்டது.

மார்க்கெட் பக்கம் பட்டறை வைத்திருந்த ஆசாரி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. “வெயில் வரட்டும் தம்பி, பாலிஷ் எங்கேயும் ஓடிடாது” என்றார். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். ஊட்டியின் மேற்குப் பக்கமும் கூடலூரும் ஜூன் முதலே நனைந்துவிடும். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை, காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், இதுதான் இங்கே பாலிஷ் வேளை. பெட்டியை முந்தின நாளே அந்த அறையில் வைத்து அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். வெளுத்துவிட்டால் கையை எடுத்துவிட்டு, உலர்ந்த வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை மேலோட்டமாக ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஸ்பிரிட்டும் புதிதாக இருக்கட்டும். மூடி சரியில்லாத பாட்டிலில் கிடந்தது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். கடையில் எப்போதோ கரைத்து வைத்த அரக்கை வாங்கினால் வாரக்கணக்கில் விரல் ஒட்டும். செதிலாக வாங்கி, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 முதல் 150 கிராம் வரை போட்டு, ஓர் இரவு ஊறவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். தடிமனாக ஒரு பூச்சைவிட நீர்த்த பத்துப் பூச்சு மேல். விஷமுள்ள ஸ்பிரிட், நெருப்பையும் சட்டென்று பிடிக்கும். கணப்பை அணைத்துவிட்டு, காற்று வரும் இடத்தில் செய்யுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழும்பிய வேனீருக்கு இன்ஸ்டன்ட் பசை விடாதீர்கள். பழைய பெட்டிகளில் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையாக இருந்தால், ஈரத்துணி போட்டு மிதமான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அதுவே இளகி ஒட்டும். பலகையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் வையுங்கள். மாவு கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்தடித்த பிறகுதான் பாலிஷ். ஸ்பீக்கர் துணியைத் துவைத்தால் சுருங்கி ஓரம் எட்டாது. பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த பெட்டியை உப்புத்தாளால் தேய்த்தால் மேல்தோல் போய் உள்ளிருக்கும் மரத்தூள் வெளிவரும், அதற்குப் பளபளப்புத் திரும்பாது. உள்ளே வெள்ளைத் தகடோ அட்டையோ ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள், சில செட்டுகளில் அது நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ். வால்வு வரிசை அச்சிட்ட தாள், கடைக்காரர் பெயர்த் தகடு இவற்றைப் பிய்க்க வேண்டாம்.

பின் அட்டையின் துளைகளை அழகுக்காக அடைக்கவும் கூடாது. வால்வுச் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் முதுகில் பூசணம் பூக்கும், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் ரேடியோ இப்போது கணப்புக்கு எதிர்ப்பக்கம், உள்சுவரில் இருக்கிறது. டயலில் கொழும்பு இருந்த இடத்தில் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறார், கண்ணாடியின் முன்பக்கமாக.