பார்மசி மாணவர்களின் தலைமைப் பாணியை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

இந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் ஓர் ஆய்வேடாவது என் மேசைக்கு வந்துவிடும். மாணவர்கள் மாறுவார்கள், "பெரும்பாலானோர் டிரான்ஸ்ஃபர்மேஷனல் தலைவர்கள்", அதாவது கூட இருப்பவர்களை ஊக்கப்படுத்தி மேலே கொண்டுவருபவர்கள், என்ற முடிவு மட்டும் மாறாது. மாதிரி அளவு, அட்டவணைப் பிழை எல்லாம் புள்ளியியல்காரர் பார்த்துக்கொள்வார். நான் சொல்ல வந்தது வேறு.

மாணவனை மாணவனிடமே கேட்பது

பெர்னார்ட் பாஸும் புரூஸ் அவோலியோவும் உருவாக்கிய எம்.எல்.கியூ 5எக்ஸ் என்ற தலைமைப் பாணி வினாப் படிவத்தில் 45 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். தன்னைத் தானே மதிப்பிட ஒரு படிவம், கூட வேலை செய்பவர்கள் மதிப்பிட இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "நேரமில்லை சார்."

ஒரு பயிற்சியில் மூட்டுவாத நோயாளிக்கான மாதிரி மருந்துச் சீட்டில், வாரம் ஒருமுறை தரவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை வேண்டுமென்றே "தினமும்" என்று எழுதி வைத்திருந்தோம். ஒரு மாணவி மெல்லக் கேட்டாள்: "இது வாரத்துக்கு ஒரு தடவைதானே?" குழுத்தலைவன் நிமிரக்கூட இல்லை. "டாக்டரே எழுதியிருக்காரு, அடுத்ததைப் பாரு." அவளும் "தினமும்" என்று லேபிள் ஒட்டிவிட்டாள். நிஜ நோயாளியாக இருந்தால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்தாகியிருக்கும்.

அந்தத் தலைவன் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்? ஏறக்குறைய எல்லாம் 4. குழுவினரின் படிவங்கள் கையில் இருந்ததால் தப்பித்தோம்.

ஒரு மாணவருக்குக் குறைந்தது மூன்று சகாக்களிடமாவது கேளுங்கள். ஒருவர் மட்டும் என்றால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும், உண்மை வராது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண் கொடுங்கள், அப்போதுதான் பிறகு மாணவரின் படிவத்தையும் சகாக்களின் படிவங்களையும் ஜோடி சேர்க்க முடியும். இதையெல்லாம் தரவு திரட்டும் முன்பே முடிவு செய்யவேண்டும். தேர்வு முடிந்து பேட்ச் கலைந்த பிறகு ஓடி வந்து "இப்போ கேட்கலாமா சார்?" என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

முத்திரை குத்துவது

ஒரு மாணவருக்கு ஒரே பாணியின் பெயரை ஒட்டிவிடாதீர்கள். 1939-இல் உளவியலாளர் குர்ட் லெவின் குழுவினர் சர்வாதிகாரம், ஜனநாயகம், கண்டுகொள்ளாமை என்று மூன்று பாணிகளை ஒப்பிட்டது பத்து வயதுச் சிறுவர்களிடம். மருந்தகத்தில் தவறான டோஸ் கவுன்டரைத் தாண்டப் போகும் நேரத்தில் கருத்துக் கேட்டுக்கொண்டா இருப்பது? சூழலைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

முன்–பின் ஒப்பீடு

பயிற்சிக்குப் பின் சுயமதிப்பெண் குறைந்தால் பயிற்சி தோற்றது என்று எழுதிவிடாதீர்கள். மாணவரின் அளவுகோலே கடுமையாகியிருக்கலாம். "பயிற்சிக்கு முன் நான் எப்படி இருந்தேன்?" என்பதையும் முடிவில் கேட்டு வாங்குங்கள்.

உரிமம்

எம்.எல்.கியூவுக்குப் பதிப்புரிமை உண்டு. எங்கோ கிடைத்த பிடிஎஃப் வேண்டாம்.

ஆண்–பெண் ஒப்பீடு

ஆய்வுக் கேள்வியில் இல்லையென்றால், இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட்டும் வேண்டாம்.